டாலியின் கனவும் விழித்திருந்த கையும்

கண்ட கனவை விழித்தபின் முழுமையாகச் சொல்ல எவராலும் இயலுவதில்லை. சொல்லத் தொடங்கும்போதே அது கலைந்துவிடுகிறது. அதனை அழியாமல் தீட்டிவிட முனைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடோர் டாலி (1904–1989). ஆயின், அவர் ஓவியங்கள் நனவிலி மனத்தின் நேர்ப்பதிவுகள்தாமா?

1924இல் ஆந்திரே பிரெத்தோன் பாரிசில் வெளியிட்ட சர்ரியலிச அறிக்கை, அறிவின் தடையின்றி மனம் தானே இயங்க வேண்டும் என்றது. 1929இல் அக்குழுவில் சேர்ந்த டாலியின் வழி வேறு. பழைய ஓவிய ஆசான்களைப் போலப் பொறுமையாக இழைத்தவர் அவர். 'நினைவின் நிலைபேறு' (1931) என்னும் ஓவியம் 24 சென்டிமீட்டர் உயரம், 33 சென்டிமீட்டர் அகலம். விரித்து வைத்த பள்ளிக் குறிப்பேட்டின் அளவே எனலாம். அதில் மூன்று கடிகாரங்கள் துவண்டு தொங்குகின்றன. துவளாத நான்காவதை எறும்புகள் மொய்க்கின்றன. உணவு மேசையில் இளகிக் கிடந்த பாலாடைக்கட்டியே இக்கற்பனைக்கு வித்து என்று டாலியே கூறியுள்ளார்.

எல்லாரும் கடிகாரங்களையே பேசுகின்றனர். உண்மையில் அச்சமூட்டுவன, பின்னே பொன்னொளியில் நிற்கும் பாறைகளே. அவை டாலி வாழ்ந்த கட்டலோனியக் கடற்கரையின் மெய்யான பாறைகள்; அவற்றை அவர் திரிக்கவில்லை. கனவின் இயல்பும் அதுவன்றோ? இடம் பழகிய இடம், நடப்பதுதான் விபரீதம்.

1938 ஜூலையில் டாலி இலண்டனில் உளநூல் அறிஞர் பிராய்டைக் கண்டார். 'நார்சிசஸின் உருமாற்றம்' (1937) என்னும் தம் ஓவியத்தை உடன் கொண்டு சென்றிருந்தார். நீரில் தன் உருவைக் கண்டு மயங்கிய கிரேக்கப் புராண இளைஞன் குனிந்திருக்கிறான். அருகில், அதே வடிவில், முட்டை ஏந்திய ஒரு கை. முட்டையைப் பிளந்து பூத்த மலர். டாலியின் ஓவியங்களுள் இதற்கே முதலிடம் தரலாம். சர்ரியலிசத்தாரை அதுவரை மூடர் என எண்ணியிருந்த பிராய்டு, இவ்விளைஞரின் கைத்திறன் தம் கருத்தை மாற்றியதாக மறுநாள் ஸ்டீபன் சுவைக்குக்கு எழுதினார். எனினும், பழைய ஓவியங்களில் நனவிலியைத் தேடும் தாம், டாலியின் ஓவியத்தில் நனவு மனத்தையே தேடுவதாக அவர் சொன்னாராம். இதைப் பின்னர்க் குறித்தவர் டாலியே.

அது குறையன்று. கனவு தந்த பொருளை இரட்டை உருவாக்க விழித்த அறிவு வேண்டும். பொருளே வற்றிவிட்டால்? 1954இல் முடித்த 'நினைவின் நிலைபேற்றின் சிதைவு' என்னும் ஓவியத்தில் அதே கடிகாரங்கள், அதே கடற்கரை, அணுக் கொள்கைக்கு ஏற்பத் துண்டு துண்டாக மிதக்கின்றன. பாடநூற் படம்போல் அது நன்கு விளங்குகிறது. அச்சம் மட்டும் அதில் இல்லை.