காமலாபுரத்திலிருந்து கோடு கிழித்தாற்போல் சென்னை

சேலம், நாமக்கல் பக்கத்து மனிதர் யாரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: “காமலாபுரத்துல ஏறிப் பார்த்தாச்சா?” இல்லை என்றால் விடமாட்டேன். சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறப்பது அப்படி ஒரு பயணம்!

சென்னைக்கு என்றால் நமக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ். இல்லையா, ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாக பஸ். ரயில் ஜோலார்பேட்டை வரை வடக்கே ஏறி, அங்கிருந்து கிழக்கே திரும்புகிறது. ஏறக்குறைய 334 கிலோமீட்டர். சாலையோ தெற்கே வளைந்து சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் சேர்வராயன், சித்தேரி, கல்வராயன், ஜவ்வாது என்று மலைகள். விமானம் மட்டும்தான் நேர்கோட்டில் போகிறது. வெறும் 265 கிலோமீட்டர்!

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்துக்கு இது அரை மணி நேரக் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சென்னையில் வரிசைக்குக் காத்து இறங்குவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். காமலாபுரம் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர்தான். அதற்குள் எழும்பி இறங்கக் கச்சிதமான விமானம் இது. சரக்கறை முன்னால் இருப்பதால் பின்கதவு வழியாக ஏறுகிறோம். தரையில் நடந்து போய், ஆறு இதழ் விசிறி பக்கத்திலேயே தெரிய ஏறும் சுகம் பெரிய விமான நிலையங்களில் கிடைக்காது.

இறக்கை நம் தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலை எதுவும் மறைப்பதில்லை. எழும்பியதுமே வலப்பக்கம் சேர்வராயன் மலை! அரூர் தாண்டியதும் சாத்தனூர் அணை. மலை மடிப்புகளுக்குள் நீர் விரல் விரலாக நுழைந்திருப்பதைப் பார்த்து நான் மூச்சுவிட மறந்தேன். அடுத்து சமவெளியில் தன்னந்தனியாக அண்ணாமலை. அடிவாரத்தில் கோயில் மதில் ஒரு கட்டமாகத் தெரிந்தது. பிறகு ஏரிகள், ஏரிகள், ஏரிகள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வில்லாய் வளைந்த கரை. வாலாஜாபாத் அருகே பாலாற்றைக் கடந்தால் சென்னை வந்தேவிட்டது.

காமலாபுரம் 1993-இல் திறந்த நிலையம். இடையில் எத்தனை ஆண்டுகள் விமானமே இல்லாமல் கிடந்தது! 2018-இல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைச் சேவை வந்தது, பிறகு நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்தபோது எனக்குத் திருவிழாதான். நாமக்கல், திருச்செங்கோட்டு லாரி, ரிக், கோழிப்பண்ணைக்காரர்களே, 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் காமலாபுரம்தான். இது உங்கள் விமான நிலையமும்கூட.

ஒரு யோசனை: போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். பின்வரிசை கேளுங்கள், விசிறி இரைச்சல் குறைவு. பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். ரயில் ஏன் வடக்கே சுற்றுகிறது, சாலை ஏன் தெற்கே வளைகிறது என்று அவர்களே ஜன்னலில் கண்டுபிடித்துச் சொல்வார்கள்!