அளவையும் தருக்கமும்: மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை முன்னிட்டு

‘அளவையியல்’ என்னும் சொல் இலங்கையில் உயர்தர வகுப்புப் பாடமொன்றின் பெயராக நிலைபெற்றுவிட்டமையால், அச்சொல்லின் பொருள் யாதென மீண்டும் வினவுவார் அரியர். தமிழ்நாட்டில் அதே துறையைத் ‘தருக்கவியல்’ என வழங்குதலே பெருவழக்கு. இவ்விரு பெயர்களும் ஒரு பொருட் சொற்களாகக் கொள்ளப்படினும் உண்மையில் அவை வெவ்வேறானவற்றைச் சுட்டுவன. தருக்கம் என்பது வாதம். ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்தும் நிறுத்தும் செல்லும் நெறி. அளவை என்பதோ ‘பிரமாணம்’ என்னும் வடசொல்லின் தமிழாக்கம். பொருளை உள்ளவாறு அறிதற்குரிய கருவி. அளவையுள் காட்சியும் அடங்கும். மேனாட்டுத் தருக்கத்திலோ காட்சிக்கு இடமில்லை. எடுகூற்றுகளிலிருந்து முடிவு பெறப்படுமா என்பதே அதன் கேள்வி. எடுகூற்றுகள் மெய்யா பொய்யா என்பது அதற்குப் புறத்தேயுள்ள செய்தி. இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாது எழுதப்படும் தருக்க வரலாறு தொடக்கத்திலேயே வழி தவறிவிடுகின்றது.

மேனாட்டு வரலாறு பலரும் அறிந்ததே. அரிஸ்டோட்டில் (கி.மு. 384–322) நியாயத்தொடையின் உருவங்களை வகுத்தார். ஸ்தோயிக்கர், சிறப்பாகக் கிறிசிப்பஸ், முழு வாக்கியங்களுக்கு இடையிலான தொடர்பை ஆராய்ந்தனர். இடைக்காலப் பல்கலைக்கழகங்கள் அரிஸ்டோட்டிலின் முறையை மனனத்துக்குரிய சூத்திரங்களாக்கின. அரிஸ்டோட்டிலுக்குப் பின் தருக்கம் ஓரடியும் முன்னேறவில்லை என 1787இல் காண்ட் கருதினார். நூறாண்டு நிறைவதற்குள் அக்கருத்துப் பொய்த்தது. 1847இல் பூல் தருக்கத்தை அட்சரகணித வடிவிற் கண்டார். 1879இல் பிரேகே அளவுகுறிகளைக் கொண்ட புதிய குறியீட்டு மொழியை அமைத்தார். 1910க்கும் 1913க்கும் இடையில் வைட்ஹெட்டும் ரசலும் கணிதம் முழுவதையும் தருக்கத்தின் மீது நிறுவ முயன்றனர். எண்கணிதத்தை உள்ளடக்கிய முரணற்ற முறைமை எதிலும் அதன் விதிகளால் நிறுவவோ மறுக்கவோ இயலாத கூற்றுகள் எஞ்சும் என்பதை 1931இல் கேடல் நிறுவினார். இவ்வளர்ச்சி முழுவதும் வடிவத்தின் வளர்ச்சியே.

இந்திய மரபின் தோற்றுவாய் வேறு. சரக சங்கிதையில் வைத்தியர் தம்முள் நிகழ்த்தும் வாதங்களுக்கு விதிகள் கூறப்பட்டுள்ளமை ஈண்டு நோக்கற்பாலது. கௌதமரின் நியாய சூத்திரம் நான்கு அளவைகளையும் ஐந்து உறுப்புகள் கொண்ட அனுமான வாக்கியத்தையும் வகுத்தது. அவ்வைந்தும் தனியே சிந்திப்பவனுக்கு மிகையாகத் தோன்றலாம். எதிரே ஒருவனை இருத்தி அவனை இணங்கச் செய்ய முயல்பவனுக்கு அவை மிகையல்ல. திக்நாகர் முதலிய பௌத்த அறிஞர் இவ்வாத முறையை அறிவுக் கொள்கையோடு பிணைத்துச் செறிவுபடுத்தினர்.

இப்பௌத்த அளவை தமிழிற் காப்பிய வடிவில் கிடைப்பது மணிமேகலையின் ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’யிலாகும். இக்காதையைக் காப்பியச் சுவைக்கு இடையூறெனக் கருதி விரைந்து கடந்து செல்லும் வழக்கம் உண்டு. ஆராய்ந்தோருள் பலரோ அதனைக் கால ஆராய்ச்சிக்கு ஒரு சான்றாக மட்டும் கையாண்டனர். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்னும் அதன் தொகை, சங்கரசுவாமியினது எனக் கருதப்படும் நியாயப்பிரவேசத்தின் தொகையோடு பொருந்துகின்றது. அதனால் சாத்தனார் அந்நூலைப் பின்பற்றினார் என்பது குப்புசுவாமி சாஸ்திரியார் கொள்கை. 1928இல் மணிமேகலை பற்றித் தனிநூல் எழுதிய கிருஷ்ணசாமி ஐயங்கார், அது திக்நாகருக்கு முற்பட்ட நிலையைக் காட்டுவதென வாதிட்டார். ஒப்புமையின் நெருக்கத்தை நோக்கின் முன்னையவர் கொள்கையே வலியுடையது. எனினும் காலத்தைப் பற்றிய இவ்விவாதத்தினிடையே, காதை கூறும் பொருள் எத்தகையது என்னும் கேள்வி பின்தள்ளப்பட்டது.

அறவண அடிகள் கூறும் அனுமானம் எளியது. இம்மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களை போல. ஏது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது: அது பக்கத்தில் இருத்தல் வேண்டும், ஒத்த இடத்தில் இருத்தல் வேண்டும், மாறான இடத்தில் இல்லாதிருத்தல் வேண்டும். உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்தினுள் அடங்குமெனக் கூறி ஐந்துறுப்புகள் மூன்றாகச் சுருக்கப்படுகின்றன. இம்மூன்றையும் அரிஸ்டோட்டிலின் நியாயத்தொடையோடு நிரல்பட நிறுத்தி, நம் முன்னோரும் அதனையே கண்டனர் என மகிழ்வாருளர். அம்மகிழ்ச்சிக்கு அடிப்படை போதாது. அடுக்களை ஒரு பொதுவிதியன்று. கண்ணாற் கண்ட ஓரிடம். பொதுக்கூற்றிலிருந்து சிறப்புக் கூற்றைப் பெறுதல் உண்மையில் புதிய அறிவைத் தருவதில்லை என்றும், மனிதர் ஒரு நிகழ்ச்சியிலிருந்து மற்றொரு நிகழ்ச்சியையே அனுமானிக்கின்றனர் என்றும் 1843இல் மில் எழுதியதோடு ஒப்பிடுதலே பொருத்தமுடையது. அடுக்களைக்கும் மலைக்கும் இடையிலான பாலம் எவ்வாறு உறுதி பெறுகின்றது என்னும் வினாவுக்குச் சாத்தனாரிடம் முழு விடை இல்லை. ஏழாம் நூற்றாண்டினரான தர்மகீர்த்தியே காரண காரியத் தொடர்பும் இயல்புத் தொடர்பும் எனும் இரண்டன் மீது அப்பாலத்தை நிறுத்த முற்பட்டார்.

வேறுபாடு இன்னும் தெளிவாகத் தோன்றுமிடம் பக்கப்போலிகளே. ஒலி செவிக்குப் புலனன்று என்பது காட்சிக்கு முரணானது. என் தாய் மலடி என்பது தன் சொல்லுக்கே முரணானது. திங்கள் சந்திரன் அன்று என்பது உலக வழக்குக்கு முரணானது. இக்காலத் தருக்கம் பயின்றோன் இரண்டாவதை மட்டுமே தன் துறைக்குரியதெனக் கொள்வான்; முதலாவதை அனுபவத்துக்கும் மூன்றாவதைச் சொற்பொருளுக்கும் ஒதுக்கிவிடுவான். சாத்தனார் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கின்றார். இது வகைப்படுத்தத் தெரியாமையன்று. வாதக் களத்தில் மூன்றும் ஒரே விளைவை உடையன: கூறியவன் தோற்கின்றான். அளவை நோக்கில் இவ்வரிசை செம்மையானது. வடிவ நோக்கில் குறையுடையது. பிரேகே அடைந்த இடத்தை இவ்வழியே சென்று அடைதல் இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

காப்பிய அமைப்பிலும் இக்காதை பொருளற்ற இடைச்செருகலன்று. இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகள் பலரின் கொள்கைகளைக் கேட்கின்றாள். அங்கு அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகின்றான். வேதவியாதன் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என எண்ணிக்கை மாறுபடுவதையும் அவனே கூறுகின்றான். அளப்பதற்குரிய கோலிலேயே ஒருமைப்பாடு இல்லை என்பதைச் சாத்தனார் அவன் வாயாலேயே வெளிப்படுத்துகின்றார். இறுதியில் பூதவாதி காட்சியன்றி வேறெதனையும் ஏற்க மறுக்கின்றான். உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என மணிமேகலை அவனைத் திருப்பிக் கேட்கின்றாள். தமிழ்க் காப்பியங்களில் வரும் வாதங்களுள் இதற்கு நிகரான கூர்மையுடையவை சிலவே. அனுமானத்தின் உறுப்புகளையும் போலிகளையும் அவள் அப்போது கற்றிருக்கவில்லை. கிரேக்கத்திலும் சோபிஸ்டுகள் முதலில் வாதாடினர். அரிஸ்டோட்டில் பின்னரே விதி வகுத்தார்.

பிற்காலத் தமிழில் அளவை வேறொரு பணியை மேற்கொண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பல அளவைகளையும் காண்டல், கருதல், உரை என மூன்றினுள் அடக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்க, அதனை ஆறுமுக நாவலர் பதிப்பித்தார். சைவர் மூன்றென்பதற்கும் பௌத்தர் இரண்டென்பதற்கும் இடையில் உள்ளது வெறும் எண்ணிக்கை வேறுபாடன்று. ஆன்றோர் வாக்குத் தனி அளவையாகுமா என்பதே அங்கு வழக்கு. ஆகும் என்றது சைவம். அதனை வெளிப்படையாகவே கூறிற்று. பௌத்தமோ ஏனைய அளவைகள் யாவும் அனுமானத்தினுள் அடங்கும் எனத் தள்ளிற்று. ஆயின் அளவை இரண்டே என்னும் அக்கூற்றினை அறவண அடிகள் அனுமானத்தால் நிறுவவில்லை; பொதுவாகப் புத்தரைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் ஆதி சினேந்திரனின் கொள்கையாகவே எடுத்துரைக்கின்றார். பூதவாதியை ஒரு வினாவால் மடக்கிய மணிமேகலை, இவ்விடத்தில் வினாவொன்றும் எழுப்பாது கேட்டுக்கொண்டிருக்கின்றாள்.