குனியாத தலை

கலகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. மார்க்கத்தையும் மரபையும் தூக்கியெறிவதே கலகம் என அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் சரிதானா என ஆராயும் நோக்குடன், தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை மீண்டும் படித்தோம். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலுருப் பெற்ற புதினம் இது.

வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளியின் வாக்கே அவ்வூருக்குச் சட்டம். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை அவர் எதிர்க்கிறார். ஊரும் அதை ஹறாம் என்று நம்புகிறது. அத்தகைய ஊரில் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது அவருக்குப் பணிய மறுக்கிறார். அவர் கல்விமான் அல்லர். புதுக்கொள்கை எதையும் போதிக்கவுமில்லை. அல்லாஹ்வின் முன் குனியும் தலை செல்வர் முன் குனியலாகாது என்பதே அவ்வெதிர்ப்பின் உட்பொருளென நாம் கொள்கிறோம். ஆண்டியும் அரசனும் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் சமுதாயத்துக்கு இது புதிய பாடமா? மறந்துபோன பழைய பாடமன்றோ!

ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். முதலாளியின் வீழ்ச்சிக்கு ஊராரின் எழுச்சியைவிட அவரது ஆணவமே பெரிதும் காரணமாகிறது. மஹ்மூது ஏறக்குறையத் தனியராகவே நிற்கிறார். வீட்டுப் பெண்களுக்கோ கண்ணீரன்றி வேறு வழியில்லை. இது கதையின் குறையா, அக்காலத்து ஊரின் குறையா? பின்னதே என்பது நம் கருத்து.

சமுதாயத்தின் புண்ணைச் சமுதாய இதழிலேயே எழுதியதும், அதை அவ்விதழ் துணிந்து வெளியிட்டதும் மஹ்மூதின் கலகத்தின் தொடர்ச்சியே எனலாம். மார்க்கத்தின் பெயரால் மனிதனை மனிதன் அடக்கும்போது மறுத்துரைப்பதும் மார்க்கப் பற்றேயாகும். நம் பிள்ளைகள் அவ்வாறு மறுத்துரைக்கையில், முகம் சுளிக்குமுன் சற்றே சிந்திப்போமாக!