திபெத்து உயர்ந்த காலம்: ஓர் அளவை நோக்கு

மலையிற் புகை கண்டு ஆங்கு நெருப்புண்டெனத் துணிதல், கருதலளவைக்கு நம்மவர் காட்டும் பழைய உதாரணம். புகை ஏது, நெருப்புச் சாத்தியம். நெருப்பில்லாவிடத்தும் அவ்வேது காணப்படுமாயின் அஃது ஏதுவன்று, ஏதுப்போலியாம். அவ்வகைப் போலியை அநைகாந்திகம் என மணிமேகலையின் தருக்கப் பகுதி வகுத்துரைக்கும். திபெத்துப் பீடபூமி எப்பொழுது உயர்ந்தது என்னும் வினாவுக்குப் பண்டைக் காலநிலையைச் சான்றாக்கி அறிஞர் கூறிய விடைகளை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பாம்.

இம்முயற்சிக்குத் தூண்டுகோலாயது என் வகுப்பறையில் நேர்ந்த ஓர் இழுக்கு. திபெத்து உயர்ந்தமையாலேயே சோளகம் வலுப்பெற்றது என்று பல்லாண்டு கற்பித்து வந்தேன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "அது உயர்ந்த காலத்தை எப்படி அறிந்தார்கள், சேர்?" என்றாள். "சோளகம் வலுப்பெற்ற காலத்தைக் கொண்டு" என்றேன். சொல்லி முடிக்குமுன்னரே குற்றம் புலனாயிற்று. ஒன்றற்கொன்று ஆதாரமாய் நிற்கும் இக்குற்றத்தை அந்நியோந்நியாச்சிரயம் என்பர். வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த நாளில் மனனஞ் செய்ததை மறுபடி ஆராயாது ஒப்புவித்ததன் பயன் அது.

பாறை தான் நின்ற உயரத்தைத் தன்மேற் பொறித்து வைப்பதில்லை. ஆதலால் அதன்மேல் வீசிய காற்றையும் பெய்த மழையையும் வளர்ந்த மரத்தையுமே வினாவுதல் வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியாவுக்குச் சென்றோர் இதனை உடம்பால் அறிவர். 1936 இல் தாவரவியலறிஞர் பீர்பால் சாகனி, மனிதன் தோன்றிய பின்னரும் இமயம் உயர்ந்தது என எழுதியபோது காசுமீரத்துக் கரேவா ஏரிப்படிவுகளைச் சான்றாகக் கொண்டார். ஆயின் இத்தகைய சான்றுகளைப் பற்றி 1990 இல் மோல்னார், இங்கிலண்ட் என்னும் இருவர் வலியதொரு தடை எழுப்பினர். உலகு முழுதுமே அண்மைக் காலத்தில் குளிர்ந்துள்ளது. இலை குளிரைக் கூறும். அக்குளிர் உயரத்தால் வந்ததோ உலகு குளிர்ந்தமையால் வந்ததோ என்பதைக் கூறாது.

இனி, பெரிதும் போற்றப்பட்ட சான்று ஒன்றைக் காண்பாம். பாகிஸ்தானின் சிவாலிக்குப் படிவுகளில், பண்டை மண்ணில் உறைந்த சுண்ணாம்புக் கணுக்கள் உள. (தெல்லிப்பழையில் நாம் கிணறு வெட்டும்போது காணும் சுண்ணக்கல் கடலிற் படிந்தது, இவை வேறு.) மரங்களும் வெப்பவலயப் புற்களும் காபனின் சமதானிகளை, அஃதாவது நிறையால் வேறுபட்ட அதன் அணுவினங்களை, வெவ்வேறு அளவிற் கொள்வன. அவ்வேறுபாடு கணுக்களிற் பதியும். அவற்றை அளந்த குவேட், சேர்லிங், பௌமன் ஆகியோர், ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே புல் மிகுந்தது என 1989 இல் வெளியிட்டனர். பருவக்காற்று வலுத்தமையே காரணம் எனப்பட்டது. பருவக்காற்று வலுத்ததால் திபெத்து உயர்ந்திருத்தல் வேண்டும் எனவும் துணியப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தது சேர்லிங்கின் நேர்மைக்குச் சான்று. அவரும் உடனாய்வாளரும் 1997 இல், அதே மாற்றம் ஆபிரிக்காவிலும் இரு அமெரிக்காக்களிலும் அக்காலத்தை ஒட்டி நிகழ்ந்ததெனக் காட்டி, வளியிற் காபனீரொட்சைட்டுக் குறைந்தமையே காரணமாகலாம் என்றனர். அமெரிக்காவிற் புல் பரவியது திபெத்தாலோ? மலையில்லாவிடத்தும் புகை எழுந்தது. அநைகாந்திகத்துக்கு இதனினும் தெளிந்த உதாரணம் நான் கண்டிலேன்.

முற்கோளும் ஐயத்துக்கு இடமாயிற்று. பீடபூமியை நீக்கி இமயச் சுவரை மாத்திரம் நிறுத்திக் கணித்தாலும் தென்னாசியப் பருவக்காற்றுப் பெரிதும் நிலைபெறும் என 2010 இல் பூஸ், குவாங் ஆகியோர் காட்டினர். அங்ஙனமாயின் சோளகம் பீடபூமிக்குச் சாட்சி சொல்லத் தகுதியற்றது.

ஒட்சிசனைப் பற்றிய முறை இவற்றினும் சிறந்தது. மேகம் மலையேறுகையில் பாரமான ஒட்சிசன் கொண்ட நீர் முந்திப் பொழியும். மேலே செல்லச்செல்ல மழைநீரிற் பாரமானது அருகும். ஏரியிற் படிந்த சுண்ணாம்பு அதனைக் காக்கும். இம்முறையால் ரௌலி, கறீ என்போர் 2006 இல், திபெத்தின் நடுவிலுள்ள லுன்போலா வடிநிலம் 350 இலட்சம் ஆண்டுகளாகவே 4,000 மீற்றருக்கு மேல் நின்றது என்றனர். ஆனால் 2019 இல், அதே வடிநிலத்தில் ஏறத்தாழ 250 இலட்சம் ஆண்டு பழைய உயிர்ச்சுவடாகப் பனைக்குலத்து ஓலைகள் கிடைத்த செய்தி வெளியாயிற்று. விசிறி வடிவின, ஒரு மீற்றரளவு நீண்டவை. பனங்காணி உடைய நமக்கு விளக்கம் வேண்டா: குருத்து ஒன்றே, அது உறைந்தால் மரம் பட்டுவிடும். அந்நிலம் அப்போது 2,300 மீற்றருக்கு மேற்படவில்லை என்பது ஓலை கண்டோரின் முடிபு.

இரண்டு சாட்சிகளும் முரணுவனபோல் தோன்றும். இருபுறத்து உயர்மலைகளிற் பெய்த மழை ஓடிவந்து பள்ளத்து ஏரியை நிரப்பியதெனின் முரண் நீங்கும்: ஒட்சிசன் முடியைக் கூறிற்று, ஓலை அடியைக் கூறிற்று. திபெத்து ஒரே பலகைபோல் எழுந்ததென்பது பொய்க்கதை என 2021 இல் ஸ்பைசரும் பிறரும் எழுதியது இக்கருத்துப் பற்றியே. இதனையே யானும் ஏற்கிறேன். எனினும் ஓலை தந்த எண்ணும், அக்கால வெப்பம் உயரத்தோடு குறைந்த வீதத்தைக் கணினி மாதிரியாற் கணித்துப் பெற்றதே. காலநிலையைக் கொண்டு உயரமும், உயரத்தைக் கொண்டு காலநிலையும் காணும் பழங்குற்றத்தின் சாயல் அங்கும் சிறிது உண்டு.

இப்பொழுது கரும்பலகையில் அக்காலத் திபெத்தை வரையும்போது மேசையொன்றை வரைவதில்லை. இரு மலைத்தொடரும் இடையே ஒரு பள்ளத்தாக்கும் வரைந்து, அதனுள் ஒரு பனையை நிறுத்துகிறேன்.