எள்ளலின் எல்லை: ஊனமும் நகையும் கருத்துரிமையும்

முன்னுரை

படைப்பாளரின் கருத்துரிமையும் படைப்பில் சித்திரிக்கப்படுவோரின் மாண்பும் ஒன்றோடொன்று முரணும்போது எதன் பக்கம் நிற்பது என்னும் வினா இலக்கியத் திறனாய்வுக்குப் புதியதன்று. மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2024 சூலை 8 அன்று வழங்கிய தீர்ப்பொன்றில் விடை காண முயன்றது. நிபுன் மல்ஹோத்ரா என்னும் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. சட்ட ஆவணமாகிய அத்தீர்ப்பின் மையத்தில் நகை, சொல், சூழல், படைப்பின் முழுமை ஆகிய கருத்துகளே நிற்கின்றன. இவை நால்வகையும் இலக்கியக் கல்விக்கு உரியவை. ஆகவே அத்தீர்ப்பைத் தமிழ்த் திறனாய்வு மரபின் துணைகொண்டு மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. நகையின் இழிவு சொல்லில் மட்டும் உறைவதன்று. யார், யாரை நோக்கி, எங்கு நின்று நகுகின்றனர் என்பதில் உறைகிறது. அதனைப் பகுத்துக் காட்டுதல் தணிக்கையாளரைவிடத் திறனாய்வாளருக்கே உரிய பணி என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வழக்கும் தீர்ப்பும்

2023ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆங்க் மிச்சோலி’ என்னும் இந்தித் திரைப்படம் மறதிநோய், செவித்திறன் குறைபாடு, திக்குவாய், மாலைக்கண் ஆகியவற்றை உடைய ஒரு குடும்பத்தை நகைச்சுவைப் பொருளாக்கியது. திக்கிப் பேசுபவரைச் சிக்கிக்கொண்ட ஒலிநாடாவாகவும் செவிகேளாதவரை ஒலிபுகாக் கருவியாகவும் அப்படம் குறித்தமை மனுதாரரின் முறையீடுகளுள் ஒன்று. தில்லி உயர் நீதிமன்றம் 2024 சனவரியில் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி தி.ய. சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா ஆகியோர் அடங்கிய அமர்வு படத்தைத் தடைசெய்யவில்லை. காட்சிகளை நீக்கவும் ஆணையிடவில்லை. மாறாக, காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்போர் கருத்திற்கொள்ள வேண்டிய நெறிகளை வகுத்தளித்தது.

அந்நெறிகளுள் சில இங்குச் சுட்டத்தக்கன. நிறுவனமயமான பாகுபாட்டை வளர்க்கும் இழிசொற்களைத் தவிர்த்தல் வேண்டும். ஒருவரை நோயால் வாடுபவர் என்றோ பாதிப்புக்கு இரையானவர் என்றோ குறிக்கும் மொழி, தடைகளை ஏற்படுத்தும் சமூகத்தை மறைத்துத் தனிமனிதர் மீதே சிக்கலை ஏற்றுகிறது. எனவே அதுவும் தவிர்க்கத்தக்கது. குறைபாடு பற்றிய மருத்துவச் செய்திகள் பிழையற்றனவாதல் வேண்டும். கண்ணிழந்தோர்க்குப் பிற புலன்கள் வியத்தகு ஆற்றல் பெறும் என்பன போன்ற கட்டுக்கதைகளும் விலக்கத்தக்கன. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகள் அவர்களை உட்படுத்தியே எடுக்கப்பட வேண்டும்.

இவை யாவற்றினும் திறனாய்வு நோக்கில் சிறந்தது தீர்ப்பு நகையை இருவகையாகப் பகுத்தமையாகும். ஒன்று, ஊனப்படுத்தும் நகை. இது ஒருவரைத் தாழ்த்திச் சிறுமைப்படுத்துவது. மற்றொன்று, ஊனம் பற்றிய நகை. இது ஊனம் குறித்து வழிவழி வந்த எண்ணங்களை வினவி, அதனைப் புரிந்துகொள்ளத் துணைசெய்வது. சூழலையும் நோக்கத்தையும் படைப்பின் ஒட்டுமொத்தச் செய்தியையும் கொண்டே இவ்விரண்டனுள் எது என முடிவு செய்தல் வேண்டும் என்பது தீர்ப்பின் நிலைப்பாடு. படைப்பை முழுமையாக நோக்குதல் வேண்டும் என்னும் இக்கருத்து, ‘பண்டிட் குயின்’ திரைப்படம் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் வலியுறுத்தப்பட்டதே. இட ஒதுக்கீட்டைப் பொருளாகக் கொண்ட ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப்படத்தின் சான்றிதழை மீட்டளித்த 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இவ்வழிப்பட்ட கருத்துரிமை மரபின் ஒரு படிநிலையாகும்.

மெய்ப்பாட்டியல் நோக்கில் நகை

தீர்ப்பின் பாகுபாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு வைத்து நோக்குதல் பயனுடையது. தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கைக் கூறுகிறார். இவ்வைப்புமுறை கருதத்தக்கது. உடலின் குறையையோ நோயையோ அவர் நகைக்குரிய நிலைக்களனாக வைக்கவில்லை, பிணி இளிவரலின்பாற்படுகிறது. குறையுடைய உடல் தானாக நகைப்பை விளைப்பதன்று. அதனை நகைப்பொருளாக்க ஒருவரது எள்ளல் என்னும் செயல் இடைப்பட வேண்டியுள்ளது. நகைக்கும் உடலுக்கும் இடையே எள்ளுவோர் ஒருவர் நிற்கிறார் என்பதும், அவர் பொறுப்புக்குரியவர் என்பதும் இதனால் பெறப்படும்.

எள்ளல், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என இருவகைப்படும் எனப் பேராசிரியர் உரை விளக்குகிறது. முன்னது எள்ளுவோர் நகை. பின்னது எள்ளப்பட்டோர் நகை. உச்ச நீதிமன்றம் கண்ட பாகுபாடும் உரையாசிரியர் கண்ட பாகுபாடும் ஒன்றே எனக் கூறுதல் மிகையாகும். நீதிமன்றப் பாகுபாடு நகையின் விளைவை அடிப்படையாகக் கொண்டது. உரையாசிரியர் பாகுபாடு நகுவோரின் இடத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் விளைவை அறிவதற்கு இடத்தை அறிதல் இன்றியமையாத முதற்படி என்னும் வகையில், பின்னது முன்னதற்குக் கருவியாகிறது.

இதனால் தொல்காப்பிய மரபு முற்றும் மாற்றுத்திறனாளிகளின் மாண்பைப் போற்றியது எனக் கொள்ளலாகாது. இளிவரல் என்பது இரக்கத்திற்கும் அருவருப்பிற்கும் இடம் தருவது. நகையிலிருந்து விலக்கி இரக்கத்தில் இருத்துவதும் ஒருவகைத் தாழ்த்துதலே. இரங்கத்தக்கவராக மட்டுமே சித்திரிக்கும் போக்கையும் தீர்ப்பு ஏற்கவில்லை என்பது இங்கு நினையத்தக்கது.

கலித்தொகையில் ஒரு காட்சி

மேற்கண்ட அளவுகோலை மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலியில் வரும் 94ஆம் பாட்டில் பொருத்திப் பார்க்கலாம். அரண்மனையில் பணிபுரியும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் உரையாடுவதாக அமைந்தது அப்பாட்டு. ஒருவர் மற்றவரது உருவத்தைப் பலபடக் கூறி எள்ளுகின்றனர். சொற்பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இப்பாட்டை அணுகும் தணிக்கையாளர் இதனை முழுமையாக நீக்கவே பரிந்துரைப்பர். பாட்டின் சுவையை மட்டும் கருதுவோர் நகைச்சுவைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு எனப் பாராட்டி அமைவர். இவ்விரு நிலைகளும் பாட்டின் இறுதியைக் கருத்திற்கொள்ளாதவை.

இறுதியில் அவ்விருவரும் அரசன் அடிமீது ஆணையிட்டு உடன்படுகின்றனர். பேயும் பேயும் துள்ளுகின்றன என்று அரண்மனையில் உள்ளோர் தம்மைக் கண்டு நகாதிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அங்கு வெளிப்படுகிறது. எனவே பிறர் கண்ணில் படாத சோலையை நாடுகின்றனர். இம்முடிவு முன்னைய எள்ளல்களின் பொருளையே மாற்றிவிடுகிறது. அவர்கள் தமக்குள் எள்ளிக்கொண்டது சம நிலையில் நின்ற இருவரின் ஊடல். அரண்மனையோர் நகைப்பு அத்தகையதன்று. அது மேலிருந்து கீழ்நோக்கி வருவது. இரண்டும் வேறு என்பதை அப்பாத்திரங்களே அறிந்துள்ளனர். முதலாவதில் தாமே பங்கேற்கின்றனர், இரண்டாவதை மறுக்கின்றனர். பாட்டைப் படித்து நகும் நாம் அரண்மனையோர் வரிசையில் நிற்கிறோமா என்னும் வினாவும் இம்முடிவால் எழுகிறது. அடியோர் பாற்பட்ட காட்சி என வகைப்படுத்தி அமைவதோடு நம் விளக்கங்கள் நின்றுவிடின் இவ்வினா எழுவதற்கே இடமில்லை.

எள்ளப்பட்டோர் நகைக்கும் நம் மரபில் சான்று உண்டு. இரட்டைப்புலவர் எனப்படும் இளஞ்சூரியர், முதுசூரியர் இருவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர் என மரபு கூறும். ஒருவர் தொடங்க மற்றவர் முடித்த தனிப்பாடல்களில் ஈயாதாரும் கோயில் நிருவாகமும் தெய்வமுமே எள்ளலுக்கு உள்ளாகின்றனர். பாடியவர்தம் உடல் அங்கு நகைப்பொருள் ஆவதில்லை; உலகை நோக்கி நகுவதற்கு உரிய இடமாகிறது.

சொற்பட்டியலின் போதாமை

தீர்ப்பின் நெறிகளுள் சொற்களைத் தவிர்த்தல் பற்றியதே எளிதில் பரவக்கூடியது. அதனளவில் நின்றுவிடும் இடர்ப்பாடும் அதற்கு உண்டு. புறநானூறு 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கண்ணின்மை, கூன், குறள், ஊம், செவிடு முதலிய எட்டினை எச்சம் எனத் தொகுத்து, அவற்றைப் பயனில்லாப் பிறப்புகளாகக் காட்டி, சோழன் நலங்கிள்ளிக்கு அறம் பொருள் இன்பத்தின் மேன்மையை உணர்த்துகிறார். அங்கு எள்ளல் இல்லை. இழிசொல் என இன்று விலக்கத்தக்க வசையும் இல்லை. எனினும் ஒரு சாராரின் வாழ்வு மற்றொரு சாராரின் அறத்தை விளக்கும் எதிர்நிலை உவமையாக மட்டுமே பயன்படுகிறது. ‘எச்சம்’ என்பதை நீக்கி ‘மாற்றுத்திறன்’ என எழுதினும் பாட்டின் கட்டமைப்பு மாறாது.

புதிய சொற்களும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. 2015இல் இந்தியில் முன்மொழியப்பட்ட ‘திவ்யாங்’ என்னும் சொல் தெய்வ உறுப்பினர் என்னும் பொருள்தருவது. அது சிறுமைப்படுத்தக்கூடும் என மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. ஐக்கிய நாடுகள் அவையின் உரிய குழுவும் 2019இல் இச்சொல்லாட்சி குறித்து ஐயுறவு தெரிவித்தது. தெய்வமாக்குதலும் பேயாக்குதலும் மனிதராக ஏற்க மறுக்கும் ஒரே செயலின் இரு முகங்கள் எனலாம்.

தண்டனையும் திறனாய்வும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 92ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்துடன் அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழிசெய்கிறது. தனிமனிதர்க்கு எதிரான வன்சொல்லுக்கு இத்தகைய காப்பு தேவையே. படைப்பு அவ்வாறன்று. அரசியலமைப்பின் 19(2)ஆம் உறுப்பு கருத்துரிமைக்கு அடுக்கும் வரம்புகளில் மாற்றுத்திறனாளிகளின் மாண்பு தனியொரு தலைப்பாக இடம்பெறவில்லை. ஆகவே நீதிமன்றம் 2024இல் தடையை நாடாது நெறிகளை நாடியது பொருத்தமானதே.

2025இல் இப்போக்கில் மாற்றம் தென்பட்டது. முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோயுடையோர்க்கான அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், அந்நோயுடையோரை எள்ளிய நகைச்சுவையாளர் சிலர் பொதுவெளியில் மன்னிப்புக் கோர வேண்டும் என உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகத்தில் கூறியது. ஒன்றிய அரசு வழிகாட்டு நெறிகளை வகுக்க வேண்டும் எனவும் தெரிவித்தது. அவ்வெள்ளல் கடிந்துரைக்கத்தக்கதே. ஆயினும் அரசு வகுக்கும் நெறி நாளடைவில் சொற்பட்டியலாகச் சுருங்குமாயின், அரண்மனையோர் நகைப்போடு கூனியும் குறளனும் தமக்குள் ஆடிய சொல்லாடலும் நீக்கப்படும். ஊனப்படுத்தும் நகையைத் தடுக்கப் போந்த சட்டம், மாற்றுத்திறனாளிக் கலைஞர் தம் வாழ்வை முன்வைத்து நகும் உரிமையைப் பறித்தல் கூடாது.

இவ்வுரிமை வாய்ப்பின்றி நிலைபெறாது. எழுதுவதில் இடர்ப்பாடுடைய ஒருவர்க்கு, குறைபாட்டின் விழுக்காட்டைக் காட்டி எழுத்தருதவியாளரை மறுத்தலாகாது எனக் குடிமைப்பணித் தேர்வு பற்றிய விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், அச்சுநூல்களைப் படிக்க இயலாதோர்க்கு ஏற்ற வடிவில் அவற்றை மாற்ற இசைவளித்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் தமிழாய்வு நூல்களும் இதழ்களும் பலவும் இன்றும் படக்கோப்புகளாகவோ ஒருங்குறியல்லாத பழைய எழுத்துருக்களிலோ கிடக்கின்றன. திரைபடிப்பான் துணையால் பயிலும் பார்வையற்ற ஆய்வாளர்க்கு அவை வெற்றுத்தாள்களே. புறநானூற்று 28ஆம் பாட்டைப் பற்றி யார் எழுதலாம் என்பதை நாமே இவ்வாறு வரையறுத்து வைத்திருக்கிறோம்.

முடிவுரை

ஊனப்படுத்தும் நகை, ஊனம் பற்றிய நகை என்னும் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் வகுத்தளித்தது. ஒவ்வொரு படைப்பிலும் அதனைக் கண்டறியும் பணி நீதிமன்றத்தால் நிறைவேறக்கூடியதன்று. நகுவோரின் இடம், நகையின் திசை, படைப்பின் முடிவு ஆகிய மூன்றையும் கொண்டு நோக்கும் முறையைத் தமிழ் மரபிலிருந்தே உருவாக்க இயலும் என்பதற்கு மெய்ப்பாட்டியல் உரையும் மருதக்கலியும் சான்றாகின்றன. பழம்பாடல்களைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குதல் இதற்குத் தீர்வாகாது. பார்வையற்ற மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பில் புறநானூற்று 28ஆம் பாட்டைப் பொழிப்புரையோடு முடித்துவிடுதலும் தீர்வாகாது. அப்பாட்டின் உவமைக்கு உள்ளானோர் அதற்கு எழுதும் மறுமொழியும் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். அம்மறுமொழியை எழுதுவோர் படிக்கத்தக்க வடிவில் நம் பதிப்புகளை அளித்தல், தமிழ்த்துறைகள் உடனடியாகத் தொடங்கத்தக்க முதற்பணியாகும்.