களவு போகும் ராக்கெட்டுகளும் குப்பியில் வரும் கிருமிகளும்

உலகில் மிக எளிதாகத் திருடத்தக்க பொருள் யாது என்று எவரேனும் நம்மைக் கேட்பாராயின், தேங்காய் அன்று, கோழியும் அன்று, ராக்கெட்டே என்று தயங்காமல் விடை கூறுவோம். நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்திலே ஒரு மூட்டை உரம் ஸ்டோரை விட்டு வெளியேற வேண்டுமானால் மூன்று கையெழுத்து வேண்டும். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த 'விக்ரம்' படத்திலோ, அணுகுண்டைச் சுமக்கவல்ல 'அக்னி புத்திரன்' என்னும் ராக்கெட்டையே பகைவர் கொண்டுபோய் விடுகிறார்கள். அதை மீட்க ஒற்றன் ஒருவன் சலாமியா என்னும் நாட்டுக்குப் புறப்படுகிறான். அந்நாட்டைப் பூகோளப் படத்தில் தேடிக் களைத்தவர்களில் நாமும் ஒருவர்.

இக்கதையை எழுதிய சுஜாதா அறிவியல் அறியாதவர் அல்லர். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராயிருந்து, வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதிற் பெரும் பங்கு கொண்டவர். 1989 மே 22ஆம் நாள் இந்தியா 'அக்னி' என்ற பெயரிலேயே மெய்யான ஏவுகணையைச் செலுத்திற்று. பெயரளவிலேனும் கற்பனை மூன்றாண்டு முந்திக்கொண்டது என்று மெச்சலாம்.

நிற்க. ராக்கெட் பழசாகிவிடவே கிருமி வந்தது. 2008இல் வந்த 'தசாவதாரம்' படத்தில், ஊரையே அழிக்கவல்ல கிருமி ஒரு சிறு குப்பியில் அடங்கி அமெரிக்காவிலிருந்து தமிழ்நாடு சேர்ந்து, ஒரு பாட்டியின் கையாற் பெருமாள் விக்கிரகத்துக்குள் புகுந்து, முடிவில் 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையின் உப்பினால் மாய்கிறது. பல்லாயிரவர் உயிரை மெய்யாகவே குடித்த அலையைக் கதைக்கு மருந்தாக்கியது நமக்கு இன்னும் உறுத்துகிறது. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்திலோ, சீனத்திலிருந்து ஒருவன் வந்து சென்னைத் தெருநாய்க்கு ஊசி போட்டு நோயைப் பரப்புகிறான். போதிதருமர் வழிவந்தவன் நம்மைக் காக்கிறான். ஆக, இலக்கணம் ஒன்றே. ஆபத்து ஒரு பெட்டிக்குள் அடங்கும். அதை வெளிநாட்டான் கொணர்வான். ஒற்றை வீரன் ஒழிப்பான்.

தேக்காவில் தேநீர் அருந்திக்கொண்டே இதனைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சினந்தார். "பொழுதுபோக்குப் படத்திலே செக்ரோல் கணக்குப் பார்க்கலாமா, ஐயா?" என்றார். கதை கொட்டகைக்குள்ளேயே தங்கியிருக்குமானால் பார்க்க வேண்டுவதில்லைதான். அது தெருவுக்கு வந்துவிட்டால்?

1994இல் வந்தது. நாகர்கோவிலிற் பிறந்த தமிழர், 'விகாஸ்' எஞ்சினை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், நம்பி நாராயணன். அவர் ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்று குற்றஞ்சாட்டி நவம்பர் 30ஆம் நாள் கேரளப் போலீசார் கைது செய்தனர். மாலத்தீவுப் பெண்கள், வரைபடங்கள், பணம் எனப் பத்திரிகைகள் தொடர்கதை போல் எழுதின. மக்கள் தொடர்கதை போலவே படித்தனர். கைம்மாறியதாகச் சொல்லப்பட்டது கிரையோஜெனிக் எஞ்சினின் நுட்பம். அந்த எஞ்சினையோ இந்தியா அப்போது செய்து முடிக்கவே இல்லை. அந்நுட்பத்தைத் தர ஒப்பியிருந்த ரஷ்யாவும் அமெரிக்காவின் நெருக்குதலால் 1993இல் பின்வாங்கிவிட்டது. சொந்தக் கிரையோஜெனிக் எஞ்சினுடன் இந்திய ராக்கெட் வெற்றி கண்டது 2014 ஜனவரி 5ஆம் நாளிற்றான். கட்டுத்தறியில் இல்லாத பசுவின் பாலைக் களவில் விற்ற குற்றம் இது! எந்தக் கிராணியும் ஐந்து நிமிடத்திற் கண்டுபிடித்திருக்கக்கூடிய இக்கணக்கை, கதைச்சுவையில் மயங்கிய நாடு போட்டுப் பார்க்கவில்லை.

ஐம்பது நாள் அவர் சிறையிலிருந்தார். 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றச்சாட்டு பொய் என்றது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஐம்பது லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இடையே கழிந்தன இருபத்துநான்கு ஆண்டுகள். 2022இல் மாதவன் நடித்து இயக்கிய 'ராக்கெட்ரி' இவ்வரலாற்றைச் சொல்லுகிறது. அதில் எஞ்சின் பேச்சு பாமரர்க்கு எட்டாது. நாயகர் புகழ்ச்சியும் அளவு மிஞ்சியதே. ஆயினும் குற்றமற்ற குடும்பத்தை ஊரார் ஒதுக்கும் காட்சிகளிலே, ஒற்றர் கதைகளை ரசித்த நம் கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. அதற்காகவே அப்படத்தை நாம் மதிக்கிறோம்.

கிருமிக் கதையும் அவ்வாறே தெருவுக்கு வந்தது. 2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைப் பற்றி 33 உயிரைக் கொண்டது. அந்நாளில் டான் டோக் செங் மருத்துவமனையிலே நோயை எதிர்த்து நின்றவன் ஒற்றை வீரன் அல்லன். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற பேதமின்றி முகமூடியணிந்து நின்ற தாதியரும் மருத்துவருமே. 2020இல் கோவிட் வந்தபோது, ஓர் அறையிற் பலராய் அடைந்து கிடந்த தங்குவிடுதிகளிலே அது தீயெனப் பரவிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கிருந்த தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப்பேரை அது தொட்டுவிட்டது. அவர்களிற் பலர் தமிழகத்து இளைஞர். ஞாயிறுதோறும் அவர்களால் நிறைந்த சிராங்கூன் சாலை வெறிச்சோடியது. மார்ச் 18 முதல் பாலம் அடைபட, நம் தோட்டத்துத் தாய்மார் இக்கரையிலும் பிள்ளைகள் அக்கரையிலுமாக மாதக்கணக்கில் தொலைபேசியில் அழுதனர். இதற்கு எந்த அயல்நாட்டு ஒற்றன் ஊசி போட்டான்? எந்தக் குப்பி உடைந்தது? நெருக்கிப் போட்ட கட்டிலே நோயை வளர்த்தது.

சீனரோடும் மலாய்க்காரரோடும் அடுத்தடுத்த கதவில் வாழும் நமக்கு, நோய்க்கு ஒரு தேசத்தான் முகத்தை வரையும் கதை வெறும் வேடிக்கையன்று. அண்டை வீட்டானை ஐயுறக் கற்பிக்கும் பாடம் அது. எழுத்தாளர்கள் ராக்கெட்டைத் தாராளமாகத் திருடட்டும். நாமும் சிரித்துக்கொண்டே பார்ப்போம். ஆனால் அந்தக் கட்டில்களை எண்ணி ஒரு கதை எழுதுவாராயின், அதனைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டுவோம்.