சைக்கிளில் வந்த வாக்கு

பெரும்பாறையில் சைக்கிளை மிதிப்பதைவிடத் தள்ளிக்கொண்டு நடப்பதுதான் அதிகம். கீழ்ப்பழனி மலையின் கொண்டை ஊசி வளைவுகள் அப்படி. ஆனால் 1996 சித்திரையில் எங்கள் பஸ் நிறுத்தச் சுவரில் ரஜினி சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். ‘அண்ணாமலை’ படத்தின் ஸ்டில். மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸுக்குச் சைக்கிள் சின்னம். எனக்கு அப்போது எட்டு வயது. அது சினிமா போஸ்டர் என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு கதையைத் தவறாமல் சொல்வார்கள். ஜெயலலிதா மறுபடி வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று ரஜினி சொன்னார், ஆட்சி கவிழ்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு. ஒரே ரிலீஸில் நாலு மாற்றங்களைச் செய்துவிட்டு, எந்த மாற்றத்தால் பிழை சரியானது என்று சத்தியம் பண்ண முடியாது. 1996-ல் ஊழல் குற்றச்சாட்டுகள் இருந்தன. 1995-ன் வளர்ப்பு மகன் திருமணத்தை ஊரே பேசியது. காங்கிரஸ் உடைந்தது. உடைந்த பகுதி திமுகவோடு சேர்ந்தது. அலை அடித்துக்கொண்டிருந்த கடலில் ரஜினியும் ஒரு கல் எறிந்தார்.

கல்லால்தான் அலை வந்தது என்றால் 1998-ஐ என்ன செய்வது? அதே ரஜினி, அதே திமுக – தமாகா அணிக்குத்தான் ஆதரவு தந்தார். இடையில் கோவை குண்டுவெடிப்பு நடந்தது, கூட்டணிக் கணக்கு மாறியது. 39 தொகுதிகளில் 30 அதிமுக அணிக்குப் போயின. திண்டுக்கல்லில் 1996-ல் தமாகாவின் சித்தன் ஜெயித்தார். 1998-ல் அதிமுகவின் சீனிவாசன். 2004-ல் பாமகவைத் தோற்கடிக்கச் சொல்லி ரசிகர்களைக் களத்தில் இறக்கினார் ரஜினி. பாமக போட்டியிட்ட ஆறு தொகுதிகளிலும் ஜெயித்தது. தன் ஓட்டு பாஜகவுக்கு என்றார்; அந்த அணிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

அப்படியானால் பிரபலத்தின் ஆதரவுக்கு மதிப்பே இல்லையா? இங்கேதான் எதிர்த்தரப்பு விமர்சகர்களிடமிருந்தும் நான் விலகுகிறேன். 1996-ல் ரஜினி செய்த உண்மையான வேலையை அவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். உதயசூரியனுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. தமாகா தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு பிறந்த கட்சி. பல்லாண்டுகளாகக் கைச் சின்னத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, மூப்பனார் இப்போது சைக்கிள் என்று யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது. போஸ்டர் அதைச் சொல்லித்தந்தது. தமாகா 20 மக்களவைத் தொகுதிகளையும் 39 சட்டமன்றத் தொகுதிகளையும் வென்றது. அத்தனைக்கும் போஸ்டர்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அதைச் சொன்னால் நான் கேலி செய்த தவறையே நானும் செய்வேன். ஆனால் வாக்காளரிடம் ஒரு தகவல் இல்லாமலிருந்தது. அந்த இடத்தைப் போஸ்டர் நிரப்பியது.

வெளிநாட்டு ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 2008-ல் ஓப்ரா வின்ஃப்ரியின் ஆதரவு ஒபாமாவுக்குச் சுமார் பத்து லட்சம் கூடுதல் வாக்குகள் தந்தது என்று கார்த்வெய்ட், மூர் என்ற இரு பொருளியலாளர்கள் மதிப்பிட்டார்கள். அது உட்கட்சித் தேர்தல். இரண்டு பக்கமும் ஒரே கட்சி என்பதால், கட்சிப் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வழியில்லை. 1988-ல் கலிஃபோர்னியாவில் காப்பீடு பற்றி ஐந்து முன்மொழிவுகள் ஒரே நாளில் மக்கள் வாக்குக்கு வந்தன. படித்தாலும் தலை சுற்றும். ஆர்தர் லூபியா என்ற அரசியல் அறிஞர் வாக்களித்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார். விவரம் தெரியாதவர்களிலும், காப்பீட்டு நிறுவனங்கள் எந்தப் பக்கம் என்பதை மட்டும் அறிந்திருந்தவர்கள், எல்லாம் படித்தவர்களைப் போலவே வாக்களித்திருந்தார்கள். சீட்டு பேசாத இடத்தில் ஆள் பேசுகிறார்.

நம்மூரில் சீட்டு பேசாத தேர்தல் ஒன்று உண்டு. அது ஊராட்சித் தேர்தல். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். 2019 டிசம்பரில் ஓட்டுப்போட பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். நாலு நிறத்தில் நாலு சீட்டு. கட்சிச் சின்னம் உள்ள பச்சையையும் மஞ்சளையும் பற்றி அப்பத்தா கேட்கவே இல்லை.

“ரோஸ் சீட்டுல யாருக்குப்பா குத்துறது?” என்றாள்.

ஒருவர் பெயரைச் சொன்னேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் பள்ளித் தோழனின் அண்ணன், வாட்ஸாப்பில் நன்றாக எழுதுவார். ரஜினியின் 1996-ஐ அலசத் தெரிந்த எனக்கு, நானே ஒரு போஸ்டராக நிற்கிறேன் என்பது உறைக்கவில்லை.

அப்பத்தா காப்பிப் பழம் பறித்துக் காய்த்துப்போன கையால் முந்தானையைச் செருகிக்கொண்டே கேட்டாள்: “தண்ணி வராத அன்னிக்கு அவன் எங்கயாச்சும் வந்து நின்னத நீ பாத்திருக்கியா?”

“இல்ல அப்பத்தா.”

“பொறவு எப்படிச் சொல்ற?”

பதில் இல்லை. பிரபலங்களை நோக்கி நம் கட்டுரைகள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். உன் சொல்லுக்கு எத்தனை ஓட்டு விழும் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறோம். நீ எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்பதில்லை. சொல்பவரின் பலத்தை அளப்பதிலேயே, கேட்பவருக்கும் ஒரு மூளை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்திலிருந்து மைவிரலோடு திரும்பி வந்தவளிடம், “யாருக்குப் போட்ட?” என்றேன்.

“குத்திட்டேன்” என்றாள். அதற்கு மேல் இன்றுவரை சொல்லவில்லை.